பெயரில் ப்ளூஸ் என்று இருந்தால் உள்ளேயும் ப்ளூஸ்தானா?

மே 30, ஒரு வாசகரின் கேள்வி

பாட்டின் பெயரில் ப்ளூஸ், வால்ட்ஸ், ராக், சாம்பா என்று ஏதாவது இருந்தால் அந்தப் பாட்டு அந்தப் பாணிதான் என்று எடுத்துக்கொள்ளலாமா? என்னிடம் உள்ள பாட்டுகளை அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறேன். நண்பன் பார்த்துவிட்டுச் சிரிக்கிறான். பெயர் பாணியைச் சொல்லாது என்றால் அதை எதற்குப் பெயரில் வைக்கிறார்கள்? இது ஏமாற்று வேலை இல்லையா?

மே 30, இரவு

ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெயரை வைத்துப் பிரிக்கவும் மாட்டேன்.

'டென்னஸி வால்ட்ஸ்' எடுத்துக்கொள்ளுங்கள். பீ வீ கிங் 1948இல் வெளியிட்டார், 1950இல் பேட்டி பேஜ் பாடிய பிறகு எங்கும் பரவியது. ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிக்கொண்டே கடைசிவரை போகலாம். அச்சு அசல் வால்ட்ஸ், பெயரில் பொய்யே இல்லை. அடுத்து 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்', டபிள்யூ. சி. ஹேண்டி, 1914. தொடக்கம் ஒழுங்கான பன்னிரண்டு பார் ப்ளூஸ், அதாவது பன்னிரண்டு தாளச் சுற்றில் ஒரு பத்தி முடியும் ப்ளூஸின் வழக்கமான வடிவம். அப்புறம் நடுவில் ஒரு பதினாறு பார் பகுதி வருகிறது பாருங்கள், அதில் ஓடுவது டாங்கோ நடை. அந்தச் சமயத்தில் ஆடுகிறவர்களுக்கு டாங்கோ பைத்தியம், ஹேண்டி அதையும் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார். இதை எந்தப் பெட்டியில் வைப்பீர்கள்? ப்ளூஸ் என்று பெயர் வைத்தது பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை.

மே 31

"ராக் என்று பெயரிலேயே இருக்கும் பாட்டு ராக் இல்லாமல் வேறென்ன" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். சரி, 'ராக் அரவுண்ட் த கிளாக்'. பில் ஹேலி, 1954. ராக் அண்ட் ரோல் வரலாற்றை எங்கே தொடங்கினாலும் இந்தப் பாட்டைத் தொடாமல் போக முடியாது. ஆனால் அந்த இசைத்தட்டு முதலில் வந்தபோது அதன் நடுவில் ஒட்டியிருந்த சீட்டில் பாணி என்று அச்சிட்டிருந்தது ஃபாக்ஸ்ட்ராட், அதாவது ஒரு ஜோடி நடனம்! பாட்டின் எலும்புக்கூட்டைப் பார்த்தால் அது பன்னிரண்டு பார் ப்ளூஸ். ஆக பெயரில் ஒன்று, சீட்டில் ஒன்று, உள்ளே ஒன்று. மூன்றுமே அவரவர் அளவில் சரிதான் என்பதுதான் வேடிக்கை.

இன்னொன்று, குவீன் குழுவின் 'வி வில் ராக் யூ', 1977. காலால் தட்டுவது, கையால் தட்டுவது, மேலே குரல், அவ்வளவுதான். டிரம் செட் இல்லை, பாஸ் கிட்டார் இல்லை. கடைசியில் மட்டும் மின்கிட்டார் வந்து எட்டிப் பார்க்கிறது. அது ராக் பாட்டா? ஆமாம், சந்தேகமே இல்லை. ராக்கின் கருவிகள் அதில் இருக்கின்றனவா? கிட்டத்தட்ட இல்லை.

மே 31, சாப்பாட்டுக்கு அப்புறம்

ப்ளூஸ் என்பது ஒரு மனநிலை, இசை வடிவம் இல்லை, அதனால் பெயரில் யார் வேண்டுமானாலும் வைக்கலாம் என்பவருக்கு: இரண்டும்தான். ஜானி கேஷ் 1955இல் வெளியிட்ட 'ஃபோல்சம் பிரிசன் ப்ளூஸ்' ரயில் ஓடுகிற மாதிரித் தடதடக்கும் நாட்டுப்புற அமெரிக்க கன்ட்ரி இசை. சிறையில் இருப்பவனின் புலம்பல் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் மனநிலை என்ற விளக்கம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. 1920இல் மேமி ஸ்மித்தின் 'கிரேஸி ப்ளூஸ்' தட்டு விற்றுத் தள்ளியது, அதற்குப் பிறகு ப்ளூஸ் என்று பெயர் போட்டால் விற்கும் என்று தட்டு போடுகிறவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அதன்பின் வந்த பெயர்களில் எது மனநிலை, எது விற்பனை என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஜூன் 1

விற்பனை என்றதும் ஞாபகம் வந்தது. ரேக்டைம். இதைக் கீபோர்டில் வாசித்துப் பார்த்தால்தான் உறைக்கும்.

ஸ்காட் ஜோப்ளினின் 'மேப்பிள் லீஃப் ரேக்', 1899. இடது கை அணிவகுப்பு போலச் சீராக நடக்கும், வலது கை எப்போதும் அடி விழ வேண்டிய இடத்துக்குச் சற்று முன்போ பின்போ விழும். அந்த இழுபறிதான் ரேக்டைம். என் இடது கை ஒழுங்காகப் போனால் வலது கை அதனுடன் சேர்ந்துகொள்ளும், வலது கை வழிக்கு வந்தால் இடது கை தடுமாறும், வாரக்கணக்கில் இப்படியே. இதற்கு நடுவில் ஓய்வாக இருக்கட்டும் என்று இர்விங் பெர்லினின் 'அலெக்ஸாண்டர்ஸ் ரேக்டைம் பேண்ட்' எடுத்தேன், 1911இல் வந்தது, பெயரிலேயே ரேக்டைம் இருக்கிறதே என்று பயந்துகொண்டே. பயப்பட ஒன்றுமில்லை, சுலபமாக வந்துவிட்டது. காரணம், அதில் ரேக்டைம் பெரிதாக இல்லை! அங்கங்கே ஒரு குறுக்கடி, மற்றபடி நல்ல உற்சாகமான மார்ச். ஆனால் ரேக்டைம் என்றால் என்னவென்றே தெரியாத லட்சக்கணக்கானவர்களை அந்தச் சொல்லைச் சொல்ல வைத்தது ஜோப்ளின் இல்லை, இந்தப் பாட்டுதான். பெயர் பாணியைச் சொல்லவில்லை, பாணிக்கு விளம்பரம் செய்தது.

ஆனாலும் பெர்லின் பக்கம் நின்று பார்த்தால் அவர் ரேக்டைம் பாட்டு என்று சொல்லவே இல்லை. ரேக்டைம் வாசிக்கிற ஒரு பேண்டைப் பற்றிய பாட்டு, வந்து கேளுங்கள் என்கிறார். வழக்குப் போட முடியாது.

ஜூன் 1, பின்குறிப்பு மாதிரி

இந்த வித்தியாசம் நிறைய இடத்தில் உதவும். ஒரு பாணியில் அமைந்த பாட்டு வேறு, அந்தப் பாணியைப் பற்றிய பாட்டு வேறு. 1963இல் எய்டி கோர்மே பாடிய 'பிளேம் இட் ஆன் த போஸா நோவா'வில் போஸா நோவாவைப் பழி சொல்கிறார்களே தவிர, இசை அந்தக் காலத்து சராசரி பாப். உண்மையான போஸா நோவா, அதாவது சாம்பாவிலிருந்து பிறந்த மென்மையான பிரேசில் பாணி, வேண்டுமென்றால் பெயரில் சாம்பா என்று இருக்கும் 'ஒன் நோட் சாம்பா'வுக்குப் போக வேண்டும். பிரேசில் இசையமைப்பாளர் ஜோபிம் போட்ட மெட்டு. அதன் முதல் பகுதியில் பாடகர் பெரும்பாலும் ஒரே ஸ்வரத்தில் நின்றுகொண்டிருப்பார், அடியில் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கும். பெயரின் முதல் பாதி எழுத்துக்கு எழுத்து உண்மை, இரண்டாம் பாதி ஏறத்தாழ.

ஜூன் 4

நம்பி மோசம் போன கதை ஒன்று சொல்கிறேன். வீட்டில் குழந்தையைத் தூங்க வைக்க, பெயரில் 'லல்லபை', அதாவது தாலாட்டு, என்று இருப்பதையெல்லாம் தேடி ஒரு பட்டியல் போட்டார்கள். போட்டது நான் இல்லை, ஆனால் தோளில் குழந்தையோடு நடந்துகொண்டிருந்தது நான். முதலில் ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் தாலாட்டு, 1868இல் எழுதியது, மூன்றெண்ணிக்கையில் மெதுவாக ஆட்டுகிறது, குழந்தையின் கண் சொக்க ஆரம்பித்தது. அடுத்து 'லல்லபை ஆஃப் பிராட்வே', 1935. அது தூங்காத ஒரு நகரத்தைப் பற்றிய துள்ளல் பாட்டு, பித்தளை வாத்தியங்கள் முழங்க. கண் திறந்துவிட்டது. அதற்கடுத்து ஜார்ஜ் ஷியரிங்கின் 'லல்லபை ஆஃப் பேர்ட்லேண்ட்', 1952. பேர்ட்லேண்ட் என்பது நியூயார்க்கில் இருந்த ஒரு ஜாஸ் கிளப், இரவு முழுக்க விழித்திருப்பதற்கென்றே ஏற்பட்ட இடம். நல்ல பாட்டு, குழந்தைக்கும் பிடித்தது, அதுதான் பிரச்சினை. அதற்கும் அடுத்து த க்யூர் குழுவின் 'லல்லபை', 1989. கிசுகிசுக் குரலில் ஒருவர் பாடுகிறார், படுக்கையில் கிடப்பவனைத் தின்ன ஒரு சிலந்தி மனிதன் வருகிறான். குழந்தைக்கு வார்த்தை புரியவில்லை. எனக்குப் புரிந்தது, அன்று நான் தூங்கவில்லை.

ஒன்று கவனித்தேன். இந்த நான்கில் உண்மையாகவே தாலாட்டாக இருப்பது, தூங்க வைக்க வேண்டும் என்ற வேலைக்காக எழுதப்பட்ட ஒன்றுதான்.

ஜூன் 4, நள்ளிரவு தாண்டி

மேலே சொன்னதை நீட்டினால் ஒரு விதி கிடைக்கிற மாதிரி இருக்கிறது. பாணி என்னவென்று முன்கூட்டியே தெரிந்தாக வேண்டியவர் யாராவது இருந்தால் பெயர் உண்மை சொல்லும். ஆடுகிறவருக்குத் தெரிய வேண்டும், வால்ட்ஸ் என்று நம்பிக் கால் வைத்து நாலெண்ணிக்கை வந்தால் துணை ஆடுபவரின் காலை மிதித்துவிடுவார். பியானோ நோட்டு வாங்கி வீட்டில் வாசிக்கிறவருக்குத் தெரிய வேண்டும். அதனால்தான் பழைய நடனத் தட்டுகளில் ஃபாக்ஸ்ட்ராட், ஒன்ஸ்டெப், வால்ட்ஸ் என்று போட்டிருந்தார்கள். ஹேலியின் தட்டில் ஃபாக்ஸ்ட்ராட் என்று இருந்ததும் அதே பழக்கம்தான், ஆடலாம், இந்த வேகம் என்று அர்த்தம். வெறுமனே உட்கார்ந்து கேட்கிற காலம் வந்த பிறகு அந்தக் கட்டாயம் போய்விட்டது. பெயர் சுதந்திரமாகிவிட்டது.

விதி என்று சொல்லிவிட்டேன், இனி எல்லோரும் விதிவிலக்கோடு வருவீர்கள். வாருங்கள்.

ஜூன் 5

வந்தார்கள். "மூன் ரிவர் வால்ட்ஸ்தானே, பெயரில் எங்கே?" ஆமாம், 1961, முழுக்க மூன்றெண்ணிக்கை. பில்லி ஜோயலின் 'பியானோ மேன்', 1973, அதுவும்தான். இவை என் விதியை உடைக்கவில்லை, பெயரில் பாணி இல்லாதவை எத்தனையோ கோடி. பெயரில் சொல்லிவிட்டு மீறுவதுதான் இங்கே பேச்சு.

அப்படிப் பார்த்தால் பில் எவன்ஸின் 'வால்ட்ஸ் ஃபார் டெபி' சுவாரசியம். மூவர் குழுவாக 1961இல் நேரடியாக வாசித்த பதிவைக் கேளுங்கள், மெட்டு வால்ட்ஸாகத் தொடங்குகிறது, அப்புறம் சத்தமில்லாமல் நாலெண்ணிக்கைக்கு மாறி ஸ்விங், அதாவது ஜாஸின் துள்ளல் நடை, ஆகிவிடுகிறது. பெயர் தொடக்கத்துக்கு மட்டும் செல்லும்.

ஜூன் 5

ப்ளர் குழுவின் 'சாங் 2', 1997. தொகுப்பில் இரண்டாவது பாட்டு, நீளம் 2 நிமிடம் 2 நொடி. இசையைத் தவிர எல்லாவற்றையும் பற்றிச் சரியாகச் சொல்லும் பெயர்.

ஜூன் 8

சொற்கள் இல்லாத இசைக்கு வருவோம், இங்கேதான் விஷயம் வேறு மாதிரி ஆகிறது. சொல் இல்லை என்றால் பெயர் வைக்கக் கைக்கு அகப்படுவது வடிவமும் பாணியும்தான். தனஸ்ரீ தில்லானா என்கிறோம், ராகம் ஒன்று, வடிவம் ஒன்று, பெயர் முடிந்தது. ஐரோப்பாவில் சொனாட்டா இத்தனையாவது, இன்ன ஸ்வரம் என்று எண் போட்டுப் போய்விட்டார்கள். நேர்மையான பெயர்கள், ஆனால் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. அதனால் பிறகு வருகிறவர்கள் செல்லப்பெயர் வைக்கிறார்கள், அங்கிருந்து தொடங்குகிறது குழப்பம். பேத்தோவன் 1801இல் எழுதிய ஒரு சொனாட்டாவுக்கு அவரே போட்ட குறிப்பு 'ஏறக்குறைய ஒரு ஃபேன்டஸி போல' என்பது. அவர் இறந்த பிறகு ரெல்ஷ்டாப் என்ற விமர்சகர் முதல் பகுதியைக் கேட்டு நிலவொளி என்றார், அதுவே ஒட்டிக்கொண்டது. முதல் பகுதிக்குப் பொருந்துகிறது, ஒத்துக்கொள்கிறேன். மூன்றாம் பகுதி புயல். நிலவொளி என்று நம்பி அதை முழுசாகப் போட்டுவிட்டுப் படுத்தவர்கள் கையைத் தூக்குங்கள்.

இதற்கு நேர் எதிர் ஜாஸ் பியானோக்காரர் டேவ் புரூபெக். 1959இல் வந்த தொகுப்பில் 'ப்ளூ ரோண்டோ ஆ லா துர்க்' என்று ஒன்று, கடைசிச் சொற்களுக்குத் துருக்கிப் பாணியில் என்று அர்த்தம். ஒன்பது அடியை 2+2+2+3 என்று வெட்டிய தாளம், துருக்கியில் தெருவில் வாசித்தவர்களிடம் கேட்டது. திரும்பத் திரும்ப வரும் ரோண்டோ அமைப்பு. நடுவில் நாலெண்ணிக்கைக்கு இறங்கி அழகான ப்ளூஸ். பெயரின் ஒவ்வொரு சொல்லுக்கும் உள்ளே ஆதாரம் இருக்கிறது, எனக்குத் தெரிந்து இவ்வளவு துல்லியமான பெயர் வேறில்லை. அதே தொகுப்பில் 'டேக் ஃபைவ்' ஐந்தடித் தாளம். அது பால் டெஸ்மண்ட் எழுதியது.

துல்லியம் என்றால் ஜான் கேஜின் '4 நிமிடம் 33 நொடி'தான் என்று யாரோ எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். 1952. வாசிப்பவர் ஒன்றும் வாசிக்காமல் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார். சரியான பெயர். அடுத்து எரிக் சாட்டியின் 'பேரிக்காய் வடிவத்தில் மூன்று துண்டுகள்', 1903. எண்ணிப் பார்த்தால் ஏழு இருக்கும். பேரிக்காய் எங்கே என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

ஜூன் 9

"ராவெலின் பொலேரோ பெயருக்கு ஏற்ற பொலேரோ" என்று எழுதியவருக்கு, பாதிதான். மூன்றெண்ணிக்கை சரி, அந்தச் சிறு முரசின் ஓயாத தாளமும் ஸ்பானிய நடனத்திலிருந்து வந்தது. ஆனால் ஆடுகிற பொலேரோவைவிட வேகம் குறைவு, தவிர 1928இல் முதலில் அதற்கு அவர் வைத்த பெயரே ஃபாண்டாங்கோ. பெயரை மாற்றினார், இசை அப்படியேதான் இருந்தது. போதாக்குறைக்குக் கியூபாவிலும் பொலேரோ என்று ஒன்று உண்டு, அது இரட்டை எண்ணிக்கையில் போகும் காதல் பாட்டு. பெயர் ஒன்று, பாணி இரண்டு. பெயரை நம்புவதென்றால் எந்தப் பொலேரோவை நம்புவது?

ஜூன் 12

நம் பாட்டுகளை ஏன் விட்டுவிட்டீர்கள் என்ற புகார் நியாயமானது. விட்டதற்குக் காரணம், நம் பாட்டுகளுக்குத் தனியாகப் பெயர் என்றே ஒன்று பெரும்பாலும் கிடையாது. முதல் வரிதான் பெயர். கீர்த்தனையும் அப்படி, சினிமாப் பாட்டும் அப்படி. 'வாதாபி கணபதிம்' என்றால் யாரைப் பாடுகிறோம் என்று தெரியும், எப்படிப் பாடுகிறோம் என்று தெரியாது. அதனால்தான் பக்கத்தில் ஹம்சத்வனி, ஆதி தாளம் என்று சேர்த்துச் சொல்லும் வழக்கம். பெயரின் தலையில் பாணியைச் சுமத்தாமல் தனியாக எழுதிவிட்டார்கள், மேலே ஆரம்பித்த சண்டையே வராது.

ஆனால் பழைய தமிழில் இப்படி இல்லை என்பது எழுதும்போதுதான் தோன்றுகிறது. சிலப்பதிகாரத்தில் காதைகளின் பெயரைப் பாருங்கள், ஆய்ச்சியர் குரவை, குன்றக் குரவை, கானல் வரி, வேட்டுவ வரி. குரவை என்றால் கைகோத்து ஆடும் கூத்து, வரி என்றால் ஒரு வகைப் பாட்டு. யார் அல்லது எங்கே, அப்புறம் என்ன வடிவம். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து வரைக்கும் இந்தப் பழக்கம் நீள்கிறது. பாரதி 'பெண்கள் விடுதலைக் கும்மி' என்று பெயர் வைத்துவிட்டு, காப்புப் பாட்டு முடிந்ததும் முதல் சொல்லையே கும்மியடி என்று தொடங்குகிறார். இங்கேயும் என் விதி செல்லுபடியாகிறது, கும்மிக்குக் கை தட்டுகிறவர்களுக்கு நடை தெரிந்தாக வேண்டும்.

முதல் வரியே பெயர் என்பதிலும் ஒரு குறுக்கு வழி உண்டு. ஆராரோ என்று தொடங்கினால் தாலாட்டு, ஏலேலோ என்றால் படகுப்பாட்டு. அர்த்தமில்லாத அந்த அசைகள்தான் பாணியைச் சொல்லும் சீட்டு. (தாலாட்டுப் பட்டியலை இப்படித் தேடிப் போட்டிருக்கலாம்.)

ஜூன் 12, விட்டுப்போனது

'ஒரு நாள் போதுமா', திருவிளையாடல், 1965. கண்ணதாசன், கே. வி. மகாதேவன், பாலமுரளிகிருஷ்ணா. முதல் வரியில் பாணி பற்றி ஒன்றும் இல்லை. ஆனால் உள்ளே போகப் போக வரிகளுக்கு நடுவே தோடி, தர்பார், மோகனம், கானடா என்று ராகங்களின் பெயர் வந்து விழும், விழும்போதே பாட்டு அந்த ராகத்துக்குள் நுழைந்திருக்கும். அதிலும் தோடியை 'எழுந்தோடி'க்குள் ஒளித்து வைத்த இடம்! வாசலில் பெயர்ப்பலகை இல்லை, ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாக மாட்டியிருக்கிறார்கள். இதைத் தலைப்பு என்று கணக்கில் சேர்க்க முடியாது, தெரியும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஜூன் 16

தலைகீழ் வழக்கு ஒன்று. பாட்டு முதலில், பாணி பிறகு. ஜமைக்காவின் மேடால்ஸ் குழு 1968இல் 'டூ த ரெகே' என்று பாடியபோது ரெகே என்ற பெயர் இசைக்கு இன்னும் நிலைபெறவில்லை, அந்தப் பாட்டுதான் அதை நிலைபெற வைத்தது. இந்தப் பெயர் பாணியைச் சரியாகச் சொல்கிறதா என்று கேட்பதே வீண், பாணிதான் பெயரைப் பின்தொடர்ந்தது. ஆனால் எல்லா நேரமும் பிள்ளை பெயர் வைத்தவரைப் போலவே வளர்வதில்லை. வெனம் என்ற ஹெவி மெட்டல் குழு 1982இல் 'பிளாக் மெட்டல்' என்று ஒரு பாட்டும் தொகுப்பும் போட்டது. முரட்டு வேகம், கரடுமுரடான ஒலி. பத்து வருடம் கழித்து நார்வேக் குழுக்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு போய் வேறொன்றாக ஆக்கிவிட்டன. இன்று பிளாக் மெட்டல் கேட்டுப் பழகிய ஒருவருக்கு 'பிளாக் மெட்டல்' பாட்டைப் போட்டுக் காட்டினால் இது பிளாக் மெட்டல் இல்லையே என்பார். எனக்கு நேரிலேயே நடந்தது, வாக்குவாதம் நெடுநேரம் போனது, அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

ஜூன் 17

லில் நாஸ் எக்ஸ் பாடிய 'ஓல்ட் டவுன் ரோடு' பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். பெயரும் வரிகளும் குதிரையும் தொப்பியுமாகக் கன்ட்ரி, அடியில் ஓடுவது டிராப் என்ற ஹிப்ஹாப் வகைத் தாளம். 2019 மார்ச்சில், பாட்டுகளை வாராவாரம் வரிசைப்படுத்தும் அமெரிக்கப் பத்திரிகையான பில்போர்டு அதைக் கன்ட்ரி பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, பொதுப் பட்டியலில் அது 19 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்தது. என்னைக் கேட்டால் விட்டிருக்கலாம், கன்ட்ரி பட்டியலில் அதைவிடக் குறைவாகக் கன்ட்ரியாக இருக்கும் பாட்டுகள் இருக்கின்றன. சிரிப்பு என்னவென்றால், கன்ட்ரி வாசம் வீசும் அந்தப் பாஞ்சோ, நைன் இஞ்ச் நெய்ல்ஸ் என்ற இண்டஸ்ட்ரியல் ராக் குழு 2008இல் போட்ட வார்த்தையில்லாத துண்டிலிருந்து எடுத்தது. அதன் பெயர் '34 கோஸ்ட்ஸ் 4', ஏறத்தாழ எண் மட்டும்தான். பாணி பற்றி ஒன்றுமே சொல்லாத பெயரிலிருந்து வந்த ஒலியை வைத்துத்தான் அத்தனை பாணிச் சண்டையும்.

ஜூன் 22

இதற்குமேல் எழுத வேண்டாம் என்றிருந்தேன், ஆனால் ஒருவர் சாம் குக் பாடிய 'டென்னஸி வால்ட்ஸ்' சுட்டியை அனுப்பியிருக்கிறார். 1964. என் முதல் குறிப்பில் அச்சு அசல் வால்ட்ஸ் என்று எழுதிய அதே பாட்டு. சாம் குக் அதை நாலெண்ணிக்கைக்கு மாற்றி, வேகம் கூட்டி, சோல் பாட்டாக, அதாவது கறுப்பின அமெரிக்கர்களின் உணர்ச்சி பொங்கும் பாணியில், பாடுகிறார். வாய் வால்ட்ஸ் ஆடியதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது, கால் வேறெதற்கோ தட்டிக்கொண்டிருக்கிறது.

அனுப்பியவர் கேட்பது, இது வால்ட்ஸா இல்லையா, எந்தப் பெட்டி? வால்ட்ஸ் இல்லை. பெயரை மாற்றவும் முடியாது, வரிகளில் அவர் ஆடினது அந்த வால்ட்ஸுக்குத்தான், அது இந்தப் பாட்டு இல்லை, இந்தப் பாட்டுக்குள் கேட்கும் இன்னொரு பாட்டு. பேட்டி பேஜ் பாடும்போது இரண்டும் ஒன்று போலத் தெரிந்ததால் யாரும் கேட்கவில்லை. நான் சோல் பெட்டியில் போட்டுவிட்டேன். முதல் கேள்வி கேட்டவர் எதில் போட்டார் என்று தெரியவில்லை, அவர் ஜூன் தொடக்கத்திலேயே இந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்.